நுனி உரிக்காத வயர்

அன்று எங்கள் வீட்டு வளவில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஆளுக்கு ஆள் கூட்டியும் குறைத்தும் கதைக்கக் கூடாது. நான். என் மனைவி ரிஸ்னா. எங்கள் மகள் ஹிபா, இரண்டரை வயது. புத்தளத்திலிருந்து கார் வயரிங் வேலைக்கு வந்த கமால்தீன் நானா, எங்கள் பேச்சில் அண்ணனுக்கு நானா. எங்கள் பீற்றூட்டுக்கு விலை பேச வந்த லொறிக்காரர் சுனில் ஐயா. அவ்வளவுதான், ஐந்து பேர். பட்டப்பகல். லுஹர் தொழுகைக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. இருட்டு இல்லை, மழை இல்லை, யாருக்கும் காய்ச்சல் இல்லை.

இப்படி யாராவது கதை சொன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போகிற ஆள் நான், அதனால் நீங்கள் எழும்பிப் போனாலும் கோபிக்க மாட்டேன். ஜின் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வேறு வேலை இல்லாமல் மாம்புரியில் என் வளவுக்கு வந்து கார்க் கதவோடு மல்லுக்கட்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனாலும் பற்றரியில் கரன்ட் இல்லாவிட்டால் லைட் எரியாது என்பதற்குப் படிப்புத் தேவையில்லை.

எனக்கு இருக்கிற பயம் எல்லாம் வேறு மாதிரி. காஸ் மூடினேனா, கேற்றுக்குக் கொக்கி போட்டேனா, மகள் வாயில் எதையாவது போட்டுவிட்டாளா, லீசிங் கட்டுகிற திகதி நாளையா நாளன்றைக்கா. ரிஸ்னா சொல்வாள், நான் தூங்கும்போதும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் தூங்குகிறேனாம்.

இப்படிப்பட்ட ஆளுக்கு அல்லாஹ் கொடுத்த வாகனத்தைப் பாருங்கள். ஜப்பானில் பாவித்து இங்கே வந்த கார். கண்டக்குழி லொட்ஜ்களில் நிற்கிற வெள்ளைக்காரர்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக, நோயாளிகளைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என்று லீசிங்கில் எடுத்தேன். அதற்குத் திறப்புப் போட்டுத் திருகுகிற வேலை இல்லை. திறப்பு சட்டைப் பையில் இருந்தால் போதும், கைபிடியில் இருக்கிற கறுப்புப் பொத்தானை அமத்தினால் பூட்டும், இன்னொரு தரம் அமத்தினால் திறக்கும். பூட்டியதற்கு அடையாளம், சிக்னல் லைட் ஒரு தரம் மின்னும். எங்கள் ஊர் வெயிலில், அந்த வெள்ளை மணலின் வெளிச்சத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த மின்னல் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது.

அதனால் பூட்டிவிட்டு நாலு அடி நடப்பேன், சந்தேகம் வரும், திரும்பிப் போய்க் கைபிடியை இழுத்துப் பார்ப்பேன். இங்கேதான் வில்லங்கம். திறப்பு என் பையில் இருக்கிறபடியால் கைபிடியில் கை பட்டதும் கார் திறந்துவிடும். பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனால் அது திறக்கும், திறந்ததைப் பூட்டினால் பூட்டினேனா என்ற சந்தேகம் வரும், அதைப் பார்க்கப் போனால் திரும்பவும் திறக்கும். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் ஏழு தரம் இப்படிச் செய்திருக்கிறேன், காவலாளி என்னைக் கார்த் திருடன் என்று நினைத்து வந்து நின்றான்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். திறப்பை வேறு ஒருவர் கையில் கொடுத்து அவரைப் பத்து அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நான் போய் இழுத்துப் பார்ப்பது. வீட்டில் அந்த ஆள் ரிஸ்னா.

"அல்லாஹ்வுக்காக வாங்க, அது பூட்டித்தான் இரிக்கி," என்பாள், ஒரு கையில் திறப்பு, ஒரு கையில் பிள்ளை. "நான் என்ன உங்கட காருக்கு வெச்ச காவலா?"

சிலாபம் மீன் சந்தையில் ஒரு மீன்காரரிடம் கொடுத்தேன். திறப்பு ஒரு கிழமைக்குச் சூடை மீன் மணத்தது.

இந்தத் தொல்லைக்கு முதலில் ஒரு சைரன் போட்டுப் பார்த்தேன். பூட்டினால் ஊளையிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்தி வந்து பள்ளிவாசல் மதிலோரம் காரை நிறுத்திப் பூட்டினேன், உள்ளே எங்கள் இமாம் ஹஸரத் குத்பா ஓதிக்கொண்டிருக்கிறார், சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நாளே கழற்றி எறிந்தேன். அப்போதுதான் ஒருவர் சொன்னார், சின்னதாக ஒரு பஸர் இருக்கிறது, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, பூட்டினால் ஒரு தரம் 'கீக்' என்னும், திறந்தால் இரண்டு தரம், மெதுவாகத்தான் கேட்கும், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும். எனக்கு அதுதான் வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டாம், எனக்குத் தெரிந்தால் போதும்.

கமால்தீன் நானா தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்து புத்தளத்தில் குடியேறியவர். வாகன வயரிங் வேலையில் கை சுத்தம். பஸரும் கூலியும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு என்றார். இரண்டாயிரத்தை முன்பணமாகக் கொடுத்து ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னேன். பத்தரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

கார் வளவின் நடுவில் தென்னைகளுக்கு இடையில் நின்றது. அது சோளகக் காற்றுக் காலம். எங்கள் பக்கத்தில் அந்தக் காற்று வெறும் காற்றில்லை, மணலையும் அள்ளிக்கொண்டு வரும். நானா பொனட்டைத் தூக்கினார், பற்றரியின் ஒரு கம்பியைக் கழற்றினார். அதற்கு முன்னால் டிரைவர் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டார்.

"கண்ணாடி இப்பிடியே இரிக்கட்டும் தம்பி. பற்றரிக் கம்பியத் திரும்பப் போடக்குள்ள சில காரு தன்ட பாட்டுல பூட்டிக்கொள்ளும். தொறப்பு உள்ளுக்கே கெடக்கட்டும். நீங்க பையில வெச்சிக்கொண்டு அங்கயும் இங்கயும் நடந்தா அது முழிச்சி முழிச்சிப் படுக்கும், எனக்கு வேல செய்யேலா."

திறப்பைச் சீட்டில் வைத்தேன். நானா பம்பரைக் கழற்றி வயர்களைத் தேட ஆரம்பித்தார். அவர் தேடத் தேட மணல் கண்ணாடி வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அடுத்த நாள் கண்டக்குழியிலிருந்து ஒரு ஹயர் ஓட்டம் இருந்தது, மணல் இருந்தால் லொட்ஜ்காரர் வேறு காரைக் கூப்பிட்டுவிடுவார், அப்படியானால் இந்த மாத லீசிங் என்ன ஆகும். இதெல்லாம் ஒரே மூச்சில் என் தலைக்குள் ஓடியது. ஒரு கட்டத்தில் நானா பிளேன்டீ குடிக்கக் கம்பியை மாட்டிவிட்டு எழும்பினார். அந்த நேரத்தில் நான் போய்ப் பொத்தானை அமத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். பின்பக்க இடது கதவு திறந்து கிடந்தது, அதனால்தான் அந்தத் தரம் கார் பூட்டிக்கொள்ளவில்லை போல, அதையும் சாத்தினேன். நானாவிடம் சொல்ல நினைத்தேன். அப்போது சுனில் ஐயா லொறியை நிறுத்திவிட்டு வந்தார், பீற்றூட் கதை தொடங்கிவிட்டது, மறந்துவிட்டேன். வாழ்க்கையில் ஆயிரம் வீண் விஷயத்தை ஞாபகம் வைத்திருந்த எனக்கு அந்த ஒன்று மறந்தது.

நானா பிளேன்டீ குடித்துவிட்டு வந்து, கம்பியைக் கழற்றி, கொஞ்ச நேரம் ஏதோ செய்தார். பிறகு எந்த வயரில் கரன்ட் வருகிறது என்று சோதிக்கத் திரும்பவும் மாட்டினார். 'டக்.' நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன.

"கண்ணாடிய யாரு ஏத்தின?"

மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"மல்லி," என்றார் சுனில் ஐயா, அவர் என்னைத் தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்றுதான் சொல்வார், "நீங்க இந்தக் காரு வாங்கினது ஓடுறதுக்கா, பூட்டுறதுக்கா?"

"நாலாயிரத்தி ஐந்நூறுக்கு நான் கம்பி விட்டுக் கதவும் தொறக்கோணுமா?" என்று நானா எரிந்து விழுந்தார். "தொறப்பு உள்ள கெடந்தா வெளிய கைபிடியத் தொட்டாலும் தொறக்காது, கண்ணாடியும் மேல. இன்னொரு தொறப்பு எங்க?"

"இல்ல நானா, ஜப்பான்ல இருந்து வரக்குள்ளயே ஒண்டுதான்."

"நல்லது. மிச்சம் நல்லது."

ரிஸ்னா சமையல் குசினி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். நானும் விடவில்லை, கம்பி மாட்டுவதற்கு முன்னால் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் பதிலுக்கு ஒன்று சொன்னார். இப்படி ஒரு பத்து நிமிடம், ஆளையாள் ஏசிக்கொண்டு, உடுப்புக் கொடியின் கம்பியை வளைத்துக் கதவு இடுக்கில் விட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்தப் பத்து நிமிடத்துக்காக என்னை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஏனென்றால் அப்போது ரிஸ்னா கேட்டாள், "ஹிபாவ இஞ்ச அனுப்புங்க, சோறு தீத்தணும்."

"உங்கிட்டத்தானே இரிக்கி?"

"பைத்தியமா உங்களுக்கு? தேத்தண்ணி கொண்டுவரக்குள்ள உங்கட காலடியிலதான் நிண்டா."

அந்த வார்த்தை முடிவதற்குள் கார்க் கண்ணாடிக்குள் ஒரு கை தெரிந்தது. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி, உள்ளே சரியாகத் தெரியாது. முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கிற இடத்தில், பால் போத்தலோடு படுத்துத் தூங்கியிருக்கிறாள். எங்கள் சத்தத்தில் எழும்பியிருக்கிறாள். நான் கதவைச் சாத்தும்போது அவள் உள்ளேதான் இருந்திருக்கிறாள். என் மகளை நானே உள்ளே வைத்துச் சாத்தியிருக்கிறேன்.

அந்த வெயிலைப் பற்றி உங்களுக்கு என்ன சொல்வது. பொனட்டில் கை வைத்தால் தோல் ஒட்டும். வெளியே அப்படி என்றால் உள்ளே.

"கண்ணாடிய உடைங்க!" என்று ரிஸ்னா கத்தினாள். தேங்காய் உரிக்கிற இடத்தில் கிடந்த இரும்பு அலவாங்கை நான்தான் எடுத்தேன். முன்பக்கக் கண்ணாடிக்குப் போனேன். ஹிபா அழுதுகொண்டே சீட்டுக்கு மேலால் ஏறி முன்னால் வந்து அதே கண்ணாடியில் முகத்தை வைத்தாள். நான் பின்பக்கம் ஓடினேன். அவள் பின்னால் வந்தாள். மற்றப் பக்கம் போனேன். அங்கேயும் வந்தாள். வாப்பாவிடம் வருகிறாள். நான் எந்தக் கண்ணாடிக்குப் போகிறேனோ அந்தக் கண்ணாடிக்கு அவள் வருகிறாள். அவள் முகத்துக்கு நேரே இரும்பை எப்படி ஓங்குவது?

"நீங்க அங்கால போங்க!" ரிஸ்னா என்னைத் தள்ளினாள். "சுனில் ஐயாட்டக் குடுங்க. நான் இந்தப் பக்கம் கூப்பிடுறன்."

சுனில் ஐயா அலவாங்கை வாங்கிக்கொண்டு டிரைவர் பக்கம் போனார். ரிஸ்னா பின்பக்க இடது கண்ணாடியில் கையால் தட்டி, "மகள், இஞ்ச வா, உம்மாட்ட வா," என்று கூப்பிட்டாள். ஹிபா திரும்பினாள். உம்மாவிடம் வரவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் நின்றபடி கொஞ்சம் ஆடினாள், அப்படியே கீழே இருந்துவிட்டாள். அழுகை நின்றது. தலை மட்டும் தெரிந்தது, முடி நெற்றியில் ஒட்டிப்போய். ரிஸ்னா தட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

"அடிங்க ஐயா!" என்று நான் கத்தினேன். சுனில் ஐயா அலவாங்கைத் தோளுக்கு மேலே தூக்கினார்.

இனி நான் சொல்லப் போவதை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். கமால்தீன் நானா அந்த நேரம் பொனட்டுக்கு முன்னால் நின்றார். பற்றரிக் கம்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் பூட்டு விடும் என்று நாலைந்து தரம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நொடியில் கம்பி கழன்றிருந்தது. அவர் வலது கையில் இருந்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், என்னால் பிள்ளையைப் பார்க்க முடியவில்லை. இடது கையில் அந்தப் பஸர். வேலைக்கு எடுத்ததை வைக்க மறந்து, வயரை விரலில் சுற்றியபடியே இவ்வளவு நேரமும் நின்றிருக்கிறார். சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. இரண்டும் எதிலும் மாட்டப்படவில்லை, நுனியில் ரப்பரைக்கூட இன்னும் உரிக்கவில்லை, கடையில் வாங்கியது வாங்கியபடி.

அது கத்தியது. 'கீக், கீக்.' இரண்டு தரம். மெதுவாக, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற அளவில்.

அதோடு 'டக்' என்று ஒரு சத்தம். நாலு கதவின் சத்தம் இல்லை, ஒரு கதவின் சத்தம். ரிஸ்னா கை வைத்திருந்த பின்பக்க இடது கதவு. அவள் அதுவரை எத்தனை தரம் இழுத்திருப்பாள் தெரியாது. இந்தத் தரம் இழுத்தாள், திறந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள்.

வாளித் தண்ணீரை ஊற்றி ஊற்றி, முகத்தைத் துடைத்து, காதைத் தடவி, ஹிபா கண்ணை முழித்து, "போத்தல்" என்றாள். போத்தல் காருக்குள்ளே விழுந்துவிட்டதாம். அதற்கு அழுதாள். அவள் அழுகிற சத்தத்தைக் கேட்டு நான் மணலில் இருந்துவிட்டேன். சுனில் ஐயா இன்னும் அலவாங்கைத் தூக்கியபடியே நின்றார். யாராவது சொன்னால்தான் இறக்குவார் போல.

நாங்கள் மற்ற மூன்று கதவையும் இழுத்துப் பார்த்தோம். பூட்டியே இருந்தன. அந்தக் காரில் ஒரு கதவு மட்டும் தனியாகத் திறக்காது. திறந்தால் நாலும் திறக்கும், அப்படித்தான் அதன் அமைப்பு, வாங்கிய நாள் தொட்டு எனக்குத் தெரியும். என்னைவிட அதிகம் கைபிடி இழுத்தவன் இந்த மாவட்டத்தில் இல்லை.

கமால்தீன் நானா பஸரைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். வயரின் நுனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என்னிடம் காட்டினார். அதைப் பொனட்டின் ஓரத்தில் வைத்தார், கிணற்றடிக்குப் போய் முகம், கை, கால் கழுவி வுளூ செய்தார், மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

"நானா, பம்பர்?"

"வேற ஆளப் பாருங்க தம்பி."

பம்பரைத் திரும்ப மாட்டாமல், சாமான் பையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

சுனில் ஐயா இருந்து இரண்டு பிளேன்டீ குடித்தார். அவர் எதையும் நம்பாத ஆள். கரையோரத்துக் காற்றாலைகளிலிருந்து கரன்ட் காற்றில் வருகிறது, அதுதான் என்றார். அப்படியானால் ஏன் ஒரு கதவு என்று கேட்டேன். "மல்லி, மகள் இருக்கிறதே, அது போதும். கேள்வி கேக்க வேணாம்," என்றார். பீற்றூட்டுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டித் தந்தார். பேரம் பேசாமல் அவர் விலை கூட்டியது அதுதான் முதல் தரம். அவரும் பயந்துவிட்டார் என்று எனக்கு அதில்தான் தெரிந்தது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு திறந்த கதவு வழியாக ஏறித் திறப்பை எடுத்தேன், பற்றரிக் கம்பியை நானே மாட்டினேன். பஸரை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அறைக்குள் அலுமாரிக்கு மேலே வைத்தேன். பிறகு வெளியே வந்து, ஹிபா ரிஸ்னாவின் இடுப்பில் இருக்கிறாள் என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, காரைப் பூட்டினேன்.

வீட்டுக்குள், அலுமாரிக்கு மேலே, டின்னுக்குள் 'கீக்' என்றது. ஒரு தரம்.

நான் ரிஸ்னாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். திறந்தேன். இரண்டு தரம். பூட்டினேன். ஒரு தரம். நம்பினால் நம்புங்கள், வேலை முடிந்திருந்தது. வயர் மாட்டாமல், பற்றரி இல்லாமல், நாங்கள் கேட்டபடியே மெதுவாக. போன் திருத்துகிற கடையில் காட்டினேன், பன்னிரண்டு வோல்ட் கொடுக்காமல் இது சத்தம் போடாது, கழிவு என்று சொல்லித் திருப்பித் தந்தான்.

கடலில் எறிந்துவிட்டு வருகிறேன் என்றேன். ரிஸ்னா விடவில்லை.

"எண்ட புள்ளையத் தந்த சாமான், அதுல கை வெச்சீங்கண்டா பாத்துக்கொள்ளுங்க."

இதற்குள் இன்னொரு கூத்தும் நடந்தது, சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். பதினைந்து நாள் கழித்து சிலாபத்துக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோனேன். காரைப் பூட்டிவிட்டு நாலு அடி நடந்தேன், வழக்கமான சந்தேகம் வந்தது. அப்போது போன் அடித்தது, ரிஸ்னா.

"இப்ப காரப் பூட்டினீங்களா?"

"ஏன்?"

"டின் கத்திச்சி."

சிலாபம் எங்கே, மாம்புரி எங்கே. ஆனால் என்ன செய்ய, மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான். இப்போது நான் எங்கே பூட்டினாலும் திரும்பிப் போய்க் கைபிடியை இழுப்பதில்லை. வீட்டுக்கு ஒரு போன் எடுக்கிறேன்.

"கத்திச்சா?"

"ஓம், கத்திச்சி, ஒரு தரம். போய் வேலையப் பாருங்க. ஒரு நாளைக்கி எத்தன தரம்தான் எடுப்பீங்க, எனக்கு அடுப்புல வேல இரிக்கி."

பயப்பட வேண்டிய சாமானை வைத்துக்கொண்டு இப்படி ஏச்சு வாங்குகிற ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

என்னை உறுத்துவது இதெல்லாம் இல்லை. கணக்குத்தான். கமால்தீன் நானாவின் சாமான் பையையும் மிச்சக் காசு இரண்டாயிரத்து ஐந்நூறையும் எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குப் போனேன். பையை வாங்கினார். காசைத் தொடவில்லை.

"நான் அந்த வேலைய முடிக்கல்ல தம்பி. முடிக்காத வேலைக்கி நான் கூலி எடுக்கிற இல்ல."

"இப்ப வேல செய்யுது நானா."

"அப்ப முடிச்ச ஆளுக்குக் குடுங்க," என்றார். கேலி இல்லை, அப்படித்தான் சொன்னார். முன்பணத்திலும் பஸரின் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சம் ஐந்நூறைத் திருப்பித் தந்தார், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல.

ஹஸரத்திடம் போய்க் கேட்டேன். ஸதகாவாக ஏழைகளுக்குக் கொடுத்துவிடு, மனம் ஆறும் என்றார். ஸதகா கொடுத்தேன், வேறு காசில். கொடுத்த பிறகும் கடன் தீர்ந்த மாதிரி இல்லை. கடன் என்றால் உரிய ஆள் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையா? நான் கூலி பேசிக் கூப்பிட்ட வேலையை யாரோ வந்து செய்திருக்கிறார்கள், என் பிள்ளையின் கதவையும் திறந்திருக்கிறார்கள், கூலி வாங்காமல் நிற்கிறார்கள். அல்லது நிற்கவில்லையோ, போய்விட்டார்களோ, அதுவும் எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் யாராவது இறந்தால் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், மையித்தை முன்னால் வைத்துவிட்டு, வீட்டு ஆள் ஒருவர் எழும்பி நின்று கேட்பார், இவர் யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு என்று. சபை அமைதியாக இருக்கும். நானும் எத்தனையோ ஜனாஸாவில் அந்த அமைதியில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் ஒருவரும் கை தூக்கிப் பார்த்ததில்லை. என்னுடைய நாளில் என் தம்பிதான் எழும்பிக் கேட்பான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு கடித உறையில் அந்தக் கூலிக் காசையும் கொடுத்து வைத்திருக்கிறேன். கடைசி வரிசையில் யாராவது கை தூக்கினால் முகத்தைப் பார்க்காதே, கேள்வி கேட்காதே, கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

மூவாயிரம் ரூபாய்.